கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க தம்பி

ரொம்ப நாளா பாதியிலயே நின்னு கிடந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம், எழுத எழுத என் மேலயே எனக்குக் கடுப்பு வந்துச்சு. இன்னிக்கு எப்படியாவது முடிச்சுடணும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம். பொறுத்தருள்க.

2025 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. பொட்டி தட்டுறவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு வந்தா அது குட்டி தீபாவளி. வியாழன் ராத்திரி சென்னையில பஸ் ஏறி, விடியக்காலையில அருப்புக்கோட்டையில இறங்கி, ஒரு டீயைப் போட்டுட்டு வீரசோழன் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

வீரசோழன் எங்க இருக்குன்னு கேக்குறவங்களுக்காக: விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா, நரிக்குடி ஒன்றியம். ரமண மகரிஷி பிறந்த ஊர்னு திருச்சுழியைச் சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அதைத் தாண்டி இன்னும் உள்ள வரணும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவுல கண்மாய், எங்கயாச்சும் ஒரு கரிமூட்டப் புகை. மழை பேஞ்சா வெள்ளாமை, இல்லாட்டி வெளியூர். அதான் எங்க ஊர்ப்பக்கத்துப் பொருளாதாரம். எங்க கிராமம் வீரசோழனுக்குப் பக்கத்துல. சந்தை, மளிகை, மருந்துக்கடை எல்லாத்துக்கும் அங்கதான் வரணும். கிராமத்துப் பேரைச் சொல்லப் போறதில்ல. சொன்னா எங்கப்பாவைத்தான் டீக்கடையில நிறுத்தி வச்சுக் கேப்பாங்க.

பையை வச்சதும் அம்மா சொன்னாங்க, "இன்னிக்கு பள்ளிக்கூடத்துல கிராம சபை. நான் போறேன், நீயும் வாரியா?"

அப்பா குறுக்க வந்தார். "அவன் எதுக்கு? ராத்திரி பூரா பஸ்ல வந்திருக்கான், தூங்கட்டும்."

உண்மையைச் சொல்லிடுறேன். ஜனநாயகக் கடமை எல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்குள்ள டவர் கிடைக்காது, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில நல்லா கிடைக்கும். அதுக்காகத்தான் போனேன்.

கொடியேத்தி முடிச்சு, பசங்க ஆரஞ்சு மிட்டாயைச் சப்பிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டிருந்தாங்க. ஒரு டேபிள், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு எண்பது பேர் இருப்பாங்க, முக்காவாசிப் பேர் பொம்பளைங்க. டேபிள் மேல ஒரு நீள நோட்டு. ஊராட்சிச் செயலர் (எங்க ஊர்ல இன்னும் கிளார்க்குன்னுதான் சொல்லுவாங்க) என்னைப் பாத்ததும் சிரிச்சார்.

"வாங்க தம்பி, எப்ப வந்தீங்க? கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க, வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க?"

போட்டுட்டேன்.

போட்டு முடிச்சு பேனாவைத் திருப்பிக் குடுக்கும்போதுதான் கவனிச்சேன். பக்கத்தோட மேல்பாதி காலி. என்ன தீர்மானம்னே எழுதாத பக்கத்துல அதை ஆமோதிச்சுக் கையெழுத்து. ஆபீஸ்ல ஜூனியர் பையன் எழுதுன பத்து வரி கோடை அப்ரூவ் பண்ண நான் அரைமணி நேரம் எடுத்துக்குவேன். "இந்த வேரியபிளுக்கு ஏன் இந்தப் பேரு?"ன்னு கேட்டு அவனை அழ வைப்பேன். அந்த மகாயோக்கியன்தான் எங்க ஊரோட வரவு செலவுக்கு வெத்துப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

இதான் மேட்டர். இனிமே எழுதுறதெல்லாம் அந்தக் கையெழுத்துக்கு நான் கட்டுற அபராதம்.

*

முதல்ல கிராம சபைன்னா என்னன்னு சுருக்கமா பாத்துடலாம். நகரத்துலயே பொறந்து வளந்த நண்பர்கள் சில பேர் இது சினிமாவுல வர ஆலமரத்தடிப் பஞ்சாயத்துன்னு நினைச்சுட்டிருக்காங்க. சொம்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்குற அத்தனை பேரும் கிராம சபை உறுப்பினர். யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்ல, 18 வயசு ஆகி பேர் ஏறிட்டா நீங்க மெம்பர். 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துல இதுக்கு இடம் இருக்கு. ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல ஆறு மாசத்துக்கு மேல இடைவெளி விடக்கூடாது. நடைமுறையில ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு நாலு நாள் இருந்தது. 2022-ல மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேந்து ஆறாச்சு. வரவு செலவைச் சபை முன்னாடி வைக்கணும். என்ன வேலை எடுக்குறது, யார் பயனாளிங்கிறதெல்லாம் இங்க பேசி முடிவாகணும்.

குறைஞ்சபட்சம் இத்தனை பேர் வரணும்னும் கணக்கு இருக்கு. மக்கள்தொகை 500 வரைக்கும்னா 50 பேர். 501-லேருந்து 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதுக்கு மேல 300 பேர்.

இந்தக் கணக்குதான் அந்த நோட்டுக்குக் காரணம். எங்க ஊருக்கு 100 பேர் வேணும். வந்தது எண்பது. மிச்சத்தை எப்படியாவது நிரப்பணும். வழியில போறவனையும் டவர் தேடி வந்தவனையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கணும். நான் கிளார்க்கைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவருக்கு மேலேருந்து வர்ற கேள்வி "எத்தனை பேர்?"ங்கிறதுதான். "என்ன பேசுனாங்க?"ன்னு யாரும் கேக்குறதில்ல. எதை அளக்குறியோ அதான் கிடைக்கும். நம்ம ஆபீஸ்ல டிக்கெட் எண்ணிக்கையை வச்சு அப்ரைசல் போட்டா என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாதா? ஒரே பிரச்சினையை அஞ்சு டிக்கெட்டா உடைச்சுப் போட்டு மூடுவோம்ல? அதே கதைதான்.

*

கூட்டம் ஆரம்பிச்சது. பொருள் 1, பொருள் 2-ன்னு கிளார்க் மூச்சு விடாம வாசிச்சார். கொசு ஒழிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு. ஒவ்வொண்ணுக்கும் கடைசியில "மன்றம் ஏகமனதாக ஒப்புதல் அளிக்கிறது". மன்றம் வேப்பங்காத்துல கொட்டாவி விட்டுட்டு இருந்துச்சு.

எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த அத்தாச்சி ஒருத்தங்க முழங்கையால இடிச்சாங்க. "ஏப்பா, நீ படிச்சவன்ல. பதினோரு நாளா தொட்டித் தண்ணி வரல. குடம் பன்னெண்டு ரூவாய்க்கு வண்டியில வாங்கிட்டிருக்கோம். என்னான்னு கேளேன்."

"நீங்களே கேளுங்களேன் அத்தாச்சி."

"நாங்க கேட்டா 'உக்காருத்தா'ங்குறாக. நீ கேட்டா பதில் சொல்லுவாக."

இந்த ஒரு வாக்கியத்தை நான் சென்னைக்குத் திரும்புற பஸ்ல ராத்திரி முழுக்க யோசிச்சுட்டு வந்தேன். தமிழ்நாட்டு உள்ளாட்சியில பொம்பளைங்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடுன்னு 2016-லயே சட்டம் வந்தாச்சு. 2019 தேர்தல்ல அப்படித்தான் இடம் ஒதுக்குனாங்க. ஆனா வெயில்ல உக்காந்து சபையை நிரப்புற அத்தாச்சிக்கு, டவர் தேடி வந்தவன் மூலமாத்தான் கேள்வி கேக்க முடியுது.

சரி, எந்திரிச்சேன். வரவு செலவு அறிக்கையைப் பாக்கலாமான்னு கேட்டேன். கேட்டதும் கூட்டம் அமைதியாயிருச்சு. அப்பா ரோட்டோரமா நின்னு "உக்காருடா"ன்னு கையாட்டுறது தெரிஞ்சுது. கிளார்க் கோவிச்சுக்கல. "அதோ ஒட்டியிருக்கோம் தம்பி"ன்னு சுவத்தைக் காட்டுனார். நிஜமாவே ஒட்டியிருந்தாங்க. ஒரு நாற்காலியும் ரெண்டு மண்வெட்டியும் அதை மறைச்சுட்டு இருந்துச்சு.

தெருவிளக்குப் பல்பு, பிளீச்சிங் பவுடர், குழாய் உடைப்பு. அப்புறம் "மின்மோட்டார் பழுது நீக்கம்". கீழ இன்னொரு "மின்மோட்டார் பழுது நீக்கம்". எண்ணிப் பாத்தா மொத்தம் நாலு. எல்லாம் ஒரே போர்வெல், ஒரே மோட்டார், ஒரே வருஷம்.

எனக்குள்ள இருந்த அந்நியன் விக்ரம் முழிச்சுக்கிட்டார். ஆஹா, மாட்டுனாங்கடா! மனசுக்குள்ளயே பதிவு எழுத ஆரம்பிச்சாச்சு. தலைப்புகூட ரெடி: "ஒரே மோட்டார், நாலு பில்".

இங்கதான் நான் அசிங்கப்பட்டேன்.

தொட்டி ஆபரேட்டர் அண்ணன் ஓரமா நின்னுட்டிருந்தார். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்தி வால்வு திறந்து விடுறது அவர் வேலை. "தம்பி, அந்த நாலும் நெசந்தான். நான்தான் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய் காயில் கட்டிட்டு வந்தேன்"னார்.

"ஏன்ணே நாலு தடவை எரியுது?"

"ரெண்டு பேஸ்ல ஓடுனா எரியாம என்ன செய்யும்?"

த்ரீ பேஸ் மோட்டார்ல ஒரு பேஸ் போயிட்டா, மிச்ச ரெண்டுல ஓடும்போது கரண்ட் கூடி வைண்டிங் கருகிடும். நான் இன்ஜினியரிங்ல படிச்சு, பரீட்சையில எழுதி, மறந்ததுதான். அதைத் தடுக்க பேனல் போர்டுல ஒரு சாமான் உண்டு, ஒரு பேஸ் போனா ட்ரிப் ஆக்கிடும். எங்க ஊர் போர்டுலயும் இருந்திருக்கு. கடைசி டிரான்ஸ்பார்மருக்கும் கடைசியில எங்க போர்வெல் இருக்குறதால வோல்டேஜ் எப்பவும் அடி வாங்கும், அது தினம் பத்து தடவை ட்ரிப் ஆகும். தண்ணி வரலன்னு ஊரே அண்ணனைத் திட்டும். அவர் ஒரு நாள் அதைக் கழட்டிட்டு நேரா இணைப்புக் குடுத்துட்டார். தண்ணி வந்துச்சு. மோட்டார் எரிஞ்சுது. கட்டுனாங்க. மறுபடி எரிஞ்சுது.

திட்டலாம்னு வாயெடுத்து அடக்கிட்டேன். ஏன்னா டெட்லைன் நேரத்துல ஃபெயில் ஆகுற டெஸ்ட்டை கமென்ட் பண்ணிட்டு ரிலீஸ் போட்டவன் நான். அவர் செஞ்சதும் அதேதான். ஒரே வித்தியாசம், என் தப்புக்கு யாரும் குடம் பன்னெண்டு ரூவா குடுக்கல.

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களாண்ணே?"

"தலைவர் இருந்தப்போ சொன்னேன். பாப்போம்னார். இப்ப யார்கிட்ட சொல்ல?"

*

"இப்ப யார்கிட்ட சொல்ல?" இந்தப் பதிவே அந்தக் கேள்விக்காகத்தான்.

நாலு பில்லைக் கூட்டிப் பாத்தா புது பேனல் போர்டே வாங்கியிருக்கலாம்னு அண்ணன் சொன்னார். ஊழல் இல்ல, திருட்டு இல்ல. ஒவ்வொரு பில்லும் தனித்தனியா நியாயமான பில். நாலையும் சேத்து வச்சு "ஏன்?"னு கேக்க ஒரு ஆள் இல்ல, அவ்வளவுதான். உள்ளாட்சியோட அன்றாட வேலைங்கிறது இந்த மாதிரி சலிப்பான பில்கள்தான். பல்பு, பவுடர், வால்வு, கண்மாய் மீன் ஏலம், கருவேல மரம் ஏலம், சந்தைக் குத்தகை. இதுல பிரேக்கிங் நியூஸ் ஒண்ணும் கிடையாது. ஆனா ஒரு வீட்டுக்குத் தண்ணி வருதா இல்லையாங்கிறது டெல்லியில முடிவாகுறதில்ல, அந்த நோட்டுல முடிவாகுது.

இப்ப கொஞ்சம் வரலாறு. சாய்ஸ்ல விட்டுடாதீங்க, இதான் முக்கியம்.

அரசியல் சட்டத்தோட 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-லேருந்து அமல்ல இருக்கு. அதுல 243-ஈ பிரிவு தெளிவா சொல்லுது: ஊராட்சிக்கு ஆயுள் அஞ்சு வருஷம், அது முடியுறதுக்குள்ள அடுத்த தேர்தலை முடிச்சிடணும். நம்ம மாநிலத்துல என்ன நடந்துச்சு?

1986-ல தேர்ந்தெடுத்தவங்க காலம் 1991-ல முடிஞ்சுது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபர்லதான். திருத்தத்துக்கு அப்புறம் 1996, 2001, 2006, 2011-ன்னு ஒழுங்கா நடந்துச்சு. 2016-ல அக்டோபர் 17, 19 தேதிகள்ல தேர்தல்னு அறிவிச்சாங்க. இடஒதுக்கீட்டு அறிவிப்பு சரியில்லன்னு வழக்கு. அக்டோபர் 4-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. அதுக்கப்புறம் மூணு வருஷம் தனி அலுவலர்கள். அந்த நேரத்துல, தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லன்னு சொல்லி மத்திய நிதிக்குழு மானியமும் நின்னுபோச்சு. 2019 டிசம்பர் 27, 30 தேதிகள்ல ஒருவழியா ஊரகத் தேர்தல் நடந்துச்சு, அதுவும் 27 மாவட்டங்கள்ல மட்டும். விருதுநகர் அதுல ஒண்ணு. அவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சுது. தேர்தல் வரல. மறுபடியும் தனி அலுவலர்.

ரெண்டு தடவையும் ஆட்சியில இருந்த கட்சி வேற வேற. அதனால கட்சிச் சண்டைக்கு வர்றவங்க தயவுசெஞ்சு அப்படியே யூ டர்ன் போட்டுக்கோங்க.

தனி அலுவலர்னா கெட்டவர்னு நான் சொல்லல. வட்டார வளர்ச்சி அலுவலர்தான் அந்தப் பொறுப்பையும் பாக்குறார். விருதுநகர் மாவட்டத்துல 11 ஒன்றியம், 450 ஊராட்சி. சராசரியா ஒரு ஒன்றியத்துக்கு 40 ஊராட்சி. அத்தனைக்கும் ஒரே ஆள்தான் தலைவர் வேலை பாக்கணும்னா, அவருக்கு எங்க போர்வெல்ல பேஸ் போறது எப்படித் தெரியும்? அவர் பாக்குறது பில்லை. பில் சரியா இருக்கு. கையெழுத்துப் போடுறார். நானும் போட்டேன். எல்லாரும் போட்டோம். மோட்டார் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

பக்கத்து கேரளாவைப் பாருங்க. 1995, 2000, 2005, 2010, 2015, 2020, 2025. ஏழு தேர்தல். கொரோனா நேரத்துல ஒரு மாசம் போலத் தள்ளிப் போச்சு, அவ்வளவுதான். 1996-ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு திட்ட நிதியில 35-லேருந்து 40 சதவீதம் வரை உள்ளாட்சிகிட்ட குடுக்கப் போறோம்னாங்க. அங்க எல்லாம் பாலும் தேனும் ஓடுதுன்னு சொல்ல வரல. தேர்தல் நேரத்துக்கு வரும்ங்கிற ஒரு பயம் உறுப்பினருக்கு இருக்கும்ல? அந்த பயம்தான் வேணும்.

*

ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார். "ஓட்டுப் போட்டு வந்த தலைவர் மட்டும் என்னத்தக் கிழிச்சார்? 'பாப்போம்'னார்ல?"

நியாயமான கேள்வி. நானும் மழுப்பாம பதில் சொல்லப் பாக்குறேன்.

ஆமா, அவரும் ஒண்ணும் கிழிக்கல. ஆனா அவர்கிட்ட தினம் டீக்கடையில "என்னய்யா ஆச்சு?"ன்னு கேக்கலாம். அஞ்சு வருஷம் கழிச்சு வீட்டுக்கு அனுப்பலாம். அவர் வீட்டுக்கும் அதே தொட்டித் தண்ணிதான்.

இன்னொண்ணு. அந்த நாற்காலி வெறும் நாற்காலி இல்ல. நம்ம விருதுநகர் மாவட்டத்துல கொட்டகச்சியேந்தல்னு ஒரு ஊராட்சி இருக்கு. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோட சேந்து இந்த நாலுலயும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட மக்களுக்குன்னு ஒதுக்குனதும், 1996-லேருந்து பத்து வருஷம் ஒழுங்கா தேர்தல் நடத்த விடல. வேட்புமனு போட ஆள் வராது, வந்து ஜெயிச்சாலும் உடனே ராஜினாமா. 2006 அக்டோபர்லதான் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில உக்காந்தாங்க. மேலவளவுல 1997 ஜூன் 30-ம் தேதி ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவங்களையும் வெட்டிக் கொன்னது உங்களுக்கெல்லாம் தெரியும். பல்பும் பிளீச்சிங் பவுடரும் வாங்குற பதவிக்கா இத்தனை வெறி? இல்ல. டேபிளுக்குப் பின்னாடி யார் உக்காருறது, முன்னாடி யார் நின்னு கேக்குறதுங்கிறதுக்கு. அவ்வளவு உயிரைக் குடுத்து வாங்குன நாற்காலியைத்தான் நாம "என்ன பெருசா"ன்னு காலியா விட்டு வச்சிருக்கோம்.

ஊர்ப்பெருமை பேசுறவங்களுக்கு உத்திரமேரூர் பிடிக்கும். முதலாம் பராந்தகன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டுன கல்வெட்டு, குடவோலை முறை, 30 குடும்பு. பாண்டிய நாட்டு நடுவுல சோழன் பேர் வச்ச ஊர்க்காரன், நான் பேசாட்டி எப்படி? அதுல எனக்குப் பிடிச்ச விதி ஒண்ணு உண்டு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் மறுபடி ஓலையில பேர் எழுதத் தகுதி இல்லாதவங்க. சொந்தக்காரங்களையும் சேத்து! (நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆம்பளைங்களுக்கு மட்டுமான சபை அது. எங்க அத்தாச்சியை வாசல் பக்கம்கூட விட்டிருக்க மாட்டாங்க. அதனால ரொம்பப் பெருமைப்பட வேண்டாம்.) ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி கணக்குக் கேட்டவங்க பேரன்னு மார்தட்டிட்டு, நாற்காலிக்குப் பின்னாடி ஒட்டியிருக்குற கணக்கை எட்டிப் பாக்க மாட்டேங்குறோம்.

*

நம்ம ஆளுங்களுக்கு, அதாவது என்னை மாதிரி ஊரை விட்டு வந்து பொட்டி தட்டுறவங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும்.

அமெரிக்க அதிபர் தேர்தல்ல எந்த மாகாணம் எந்தப் பக்கம் சாயும்னு நமக்குத் தெரியும். நம்ம வார்டு உறுப்பினர் பேரு தெரியாது. நகரத்துல இருக்கேன், எனக்குக் கிராம சபை இல்லையேன்னு தப்பிக்கவும் முடியாது. 2022 நவம்பர் 1-லேருந்து மாநகராட்சி, நகராட்சியிலயும் பகுதி சபை கூட்டம் ஆரம்பிச்சாச்சு. சென்னையில என் ஏரியாவுல அது எப்ப நடந்துச்சுன்னு எனக்கே தெரியாது. வெக்கமாத்தான் இருக்கு.

இன்ஜினியர் படிச்சவன் ஊராட்சிக்கு என்ன செய்ய முடியும்னு கேக்காதீங்க. சென்னைக்குப் பக்கத்துல குத்தம்பாக்கத்துல இளங்கோன்னு ஒருத்தர், கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவர், வேலையை விட்டுட்டு வந்து 1996-ல ஊராட்சித் தலைவர் ஆனார். கால்வாய் வேலையில உள்ளூர்ல கிடைச்ச கல்லை வச்சுக் கட்டுனதுக்கு சஸ்பெண்ட் பண்ணாங்க. கிராம சபையைக் கூட்டி மக்கள் ஆதரவோட திரும்பி வந்தார். வேலையை விடுன்னு நான் சொல்லல. ஈஎம்ஐ கட்டுறவன் வலி எனக்கும் தெரியும். நம்மளால முடிஞ்சது இதுதான்:

1. ஊர்ல பேர் இருக்குற வாக்காளர் பட்டியல் எதுன்னு பாருங்க. அங்க இருந்தா, வருஷத்துல ஆறுல ஒரு கிராம சபைக்காவது போங்க. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 எல்லாம் நமக்கும் லீவுதான்.

2. மேல எழுதாத பக்கத்துல கையெழுத்துப் போடாதீங்க. "வாசிங்க, அப்புறம் போடுறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லலாம். யாரும் கடிச்சுட மாட்டாங்க.

3. போக முடியலன்னா இ-கிராம் ஸ்வராஜ் தளத்துக்குப் போங்க. 2020-லேருந்து இருக்கு. ஊராட்சிப் பேரைப் போட்டா என்ன திட்டம், எவ்வளவு செலவுன்னு பாக்கலாம். பாத்துட்டு உடனே அந்நியன் ஆகாதீங்க. முதல்ல ஊர்ல தொட்டி ஆபரேட்டருக்கு ஒரு போன் போடுங்க. அவருக்குத் தெரியாதது எந்தத் தளத்துலயும் இல்ல.

4. நாம பேசுறதைவிட, ஏற்கனவே அங்க உக்காந்திருக்குறவங்க பேசுறதுக்கு வழி பண்ணுங்க. இது நான் லேட்டா கத்துக்கிட்டது.

*

அந்தத் தீர்மானம் என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல.

கடைசிப் பொருளா கையாலயே எழுத வச்சோம். ஒண்ணு, புது பேனல் போர்டு வாங்குறது. ரெண்டு, வோல்டேஜ் பிரச்சினைக்கு மின்வாரியத்துக்கு மனு. கிளார்க் எழுத, நான் வார்த்தை சொல்ல, ஆபரேட்டர் அண்ணன் ஆம்பியர் கணக்கைத் திருத்த, அத்தாச்சி "பதினோரு நாளுன்னும் சேத்து எழுதுங்க"ன்னு அதட்ட, அரைமணி நேரம் ஆச்சு. கூட்டத்துல ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. கொட்டாவியும் இல்ல. கிளார்க்கே கடைசியில "இப்படி ஒரு கூட்டம் நடந்து நாளாச்சு தம்பி"ன்னார். கிண்டலா நெசமான்னு இன்னும் தெரியல.

பேனல் போர்டு ரெண்டு மாசத்துல வந்துடுச்சு. டிரான்ஸ்பார்மருக்குப் போட்ட மனு எங்கயோ ஒரு மேசையில தூங்குது. வோல்டேஜ் குறைஞ்சா இப்ப மோட்டார் நின்னுடும். எரியுறதில்ல. அதனால தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருதடவைதான். பதினொண்ணுக்கு ரெண்டு தேவலை. முழு வெற்றின்னு சொல்லிக்க ஆசைதான், ஆனா அண்ணனை இன்னும் சில பேர் திட்டிட்டுத்தான் இருக்காங்க.

அடுத்த கிராம சபைக்கு எனக்கு லீவு கிடைக்கல. அன்னிக்கு சாயந்திரம் அம்மாவுக்கு போன் பண்ணேன்.

"என்னம்மா, கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன். மேல என்ன எழுதியிருக்குன்னு அத்தாச்சியை வாசிக்கச் சொல்லிட்டுத்தான் போட்டேன். அவ எந்திரிச்சு நின்னு சத்தமா வாசிச்சா. இன்னிக்கு யாரும் உக்காருத்தான்னு சொல்லல."

அப்பா பின்னாடியிருந்து ஏதோ முணுமுணுத்தது கேட்டுச்சு. "வந்தவன் ஒருநாள் வந்து ஊரையே கெடுத்துட்டுப் போயிட்டான்"ங்கிற மாதிரி. நான் அதைப் பாராட்டாவே எடுத்துக்கிட்டேன்.

டிஸ்கி: உங்க ஊர்ல கிராம சபையோ பகுதி சபையோ போன அனுபவம் இருந்தா எழுதுங்க. முக்கியமா, கையெழுத்துப் போட்ட பக்கத்துல மேல என்ன எழுதியிருந்துச்சுன்னு நினைவு இருக்கா?